அந்த வண்டி வாசகம் எழுதினவர்

ஜன்னல் சீட்டு உங்களுக்கே இருக்கட்டும் சார். எனக்கு ஒரு எடத்துல அசையாம உக்கார வராது. கொஞ்ச நேரத்துல எந்திரிச்சு நிப்பேன், திரும்ப உக்காருவேன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தக் குழாய் மட்டும் உங்க கால் பக்கம் சாஞ்சு இருக்கட்டும். உள்ள ஒண்ணும் இல்ல, போர்டுல ஒட்டற ஷீட்டு, சுருட்டி வச்சிருக்கேன். காரைக்குடியில ஒருத்தர்கிட்ட குடுக்கணும். நீங்களும் காரைக்குடியா? நல்லதாப் போச்சு. புதுக்கோட்டைன்னா பாதிக் கதையில எறங்கிப் போயிருப்பீங்க.

நான் காப்பிரைட்டர். அப்படிச் சொன்னா நம்ம ஊர்ல வக்கீலான்னு கேக்கறாங்க. ஒருத்தர் ஜெராக்ஸ் கடை வச்சிருக்கீங்களான்னு கேட்டார். விளம்பரத்துக்கு வாசகம் எழுதறவன் சார். பேரு பரஞ்சோதி. சென்னையில ஒரு ஏஜென்சியில இருபது வருஷம். 'தங்கம் வாங்க வாங்க, மங்கலம் ஓங்க ஓங்க'ன்னு ஒரு நகைக்கடைக்கு வந்துச்சே, கேட்டிருக்கீங்களா? இல்லையா? சரி, உங்க பக்கம் வந்திருக்காது. அது நான் எழுதினது.

ஏஜென்சியை மூடிட்டாங்க. அதோட திருச்சிக்கு வந்துட்டோம். உறையூர்ல என் சம்சாரத்தோட அப்பா வீடு பூட்டித்தான் கெடந்துச்சு. அவ ஒரே பொண்ணு. முன் ரூம்ல ஒரு மேஜை, ரெண்டு நாற்காலி, வாசல்ல 'பரஞ்சோதி கிரியேட்டிவ்ஸ்'னு போர்டு. தனியாத் தொழில் பண்றவனுக்கு எழுதறதெல்லாம் ரெண்டாம்பட்சம் சார். ஆளைத் தேர்ந்தெடுக்கறதுதான் தொழிலே. யாருக்கு எழுதறோமோ அதுதான் நம்ம விலாசம். பட்டுக்கடைக்கு எழுதினா அடுத்து நகைக்கடைக்காரன் வருவான். கரப்பான்பூச்சி மருந்துக்கு எழுதினா அடுத்து எலி மருந்துக்காரன் வருவான். இதை நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன். மங்கைகிட்ட தெனம் சொல்லுவேன்.

மங்கைங்கறது என் சம்சாரம். மங்கையர்க்கரசி. போன் வந்தா அவதான் எடுப்பா. அது என் ஏற்பாடு. முதலாளியே போனை எடுத்தா வர்றவனுக்கு ஒரு மதிப்பு வராதுல்ல? 'பரஞ்சோதி கிரியேட்டிவ்ஸ், வணக்கம், சார் மீட்டிங்ல இருக்கார், நான் குறிச்சுக்கறேன்' அப்படின்னு சொல்லப் பழக்கி வச்சேன். நான் பக்கத்து ரூம்ல பேப்பர் படிச்சிட்டிருப்பேன். அவ நல்லாவே சொல்லுவா. கொஞ்சம் அதிகமாப் பேசுவா, அதான் குறை. யாரு, என்ன தொழில், வீட்ல எத்தனை பேருன்னு கேட்டுக்கிட்டே இருப்பா. குறிச்சுக்கடி போதும்னு சைகை காட்டுவேன்.

சின்ன ஆளுங்களையெல்லாம் நான் எடுக்கலை. மெஸ்ஸு, பல்செட்டு கட்டறவர், வீட்டோட நர்ஸ் அனுப்பற அம்மா, இப்படி நெறையப் பேர் வந்தாங்க. மரியாதையாத்தான் அனுப்பி வச்சேன். கையில ஒரு பட்டுக்கடை இருந்துச்சு, ஒரு காலேஜ் இருந்துச்சு, அது போதும்னு இருந்தேன். அந்தத் தீபாவளி முடிஞ்ச கையோட பட்டுக்கடை போயிடுச்சு. முதலாளியோட மருமகன் சொல்றான், போன்ல கேட்டா போனே எழுதித் தந்துடுதாம். காலேஜும் அப்படியே தேஞ்சு போச்சு. எனக்கு அப்ப ராத்திரி பகல்னு ஒரு எடத்துல இருப்பு கொள்ளாது. மொட்டை மாடிக்கும் வாசலுக்கும் நடந்துக்கிட்டே இருப்பேன். ஆனா சின்ன ஆளுங்களை எடுக்கறதில்லைன்னு உறுதியா இருந்தேன். ஏன்னா ரத்தினவேல்னு ஒருத்தர். ப்ளாட் போட்டு விக்கறவர். பெரிய கை. அவர் எப்படியும் நம்மகிட்ட வருவார்னு ஒரு கல்யாணத்துல பார்த்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆளைப் பார்த்தா எனக்குத் தெரிஞ்சுடும் சார்.

அவர் வர்றதுக்கு முன்னாடி சவரிமுத்து வந்தார்.

வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, தணிஞ்ச குரல். கட்சிக்காரர்னு நெனச்சு உக்கார வச்சேன். மங்கை காப்பி கொண்டாந்தா. விசாரிச்சா, அவர் வச்சிருக்கறது அமரர் ஊர்தி சார். சவ வண்டி. கூடவே ஃப்ரீசர் பெட்டி, சாமியானா, சேரு, எல்லாம். எங்க வாசல்ல வண்டியை நிறுத்தினா நாலு பேர் பார்த்து என்னமோ ஏதோன்னு பதறுவாங்கன்னு தெருமுனையிலயே விட்டுட்டு நடந்து வந்திருக்கார். வண்டிப் பக்கவாட்டுல ரெண்டு வரி எழுதணுமாம். பெயிண்டர் எழுதிக் குடுத்தது மனசுக்கு ஒட்டலையாம்.

நான் என்ன பண்ண முடியும் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை. காலங்காத்தால. இவருக்கு எழுதினேன்னு தெரிஞ்சா நாளைக்கு எந்தக் கல்யாண மண்டபக்காரன் என்கிட்ட வருவான்? கையில வேலை நெறைய இருக்கு, ரெண்டு மாசம் ஆகும்னு சொன்னேன். மனுஷனுக்குப் புரிஞ்சுபோச்சு. பரவாயில்லை சார்னு கும்பிட்டு எந்திரிச்சார். மங்கை வாசல் வரைக்கும் கூடப் போனா. அங்க அவகிட்டேர்ந்து ஒரு கேள்வி, அவளுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. கூப்பிட்டா போனை யாரு எடுப்பாங்கன்னு கேட்டிருக்கா. அதுக்கு அவர் சொன்னது எனக்கே உள்ள கேட்டுச்சு.

"நான்தாம்மா எடுப்பேன். என் சம்சாரத்துகிட்ட குடுக்கறதில்லை. அந்தப் பக்கம் அழுதா இவளும் சேர்ந்து அழுதுடுவா. அப்புறம் விலாசம் யாரு கேக்கறது."

அவ்வளவுதான். போயிட்டார். நானும் மறந்துட்டேன்.

ஒரு நாள் பாலக்கரை சிக்னல்ல நிக்கறேன். முன்னாடி அந்த வண்டி. வெள்ளை வண்டி, பூ இல்லை, படம் இல்லை. நீல எழுத்துல ரெண்டே வரி.

'நீங்கள் அழுங்கள். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.'

கீழ ஒரு போன் நம்பர்.

சார், நான் தொழில்காரன். பொறாமை வேற, தொழில் வேற. பச்சை விழுந்தும் என் ஸ்கூட்டரை எடுக்கலை, பின்னாடி ஹாரன் அடிக்கறாங்க. பக்கத்துல ஒரு பெரியம்மா, கூடையோட நின்னவங்க, அதை வாய்விட்டுப் படிச்சிட்டு முந்தானையால கண்ணைத் தொடச்சுக்கிட்டாங்க. யாரோ செத்ததுக்கு இல்ல, வாசகத்துக்கு. நான் எழுதியிருந்தா எப்படி எழுதியிருப்பேன்? 'இறுதிப் பயணத்தில் இணையில்லாத் துணை.' அதுவும் நல்லாத்தான் இருக்கும். சந்தம் இருக்கு பாருங்க. ஆனா இது வேற மாதிரி.

வீட்டுக்குப் போனதும் மங்கைகிட்ட சொன்னேன், சவரிமுத்து சென்னையில எவனையோ புடிச்சுட்டார், நல்ல கை, அனுபவஸ்தன்னு. அவ அவரைக்காய் நறுக்கிட்டிருந்தா. நிமிந்து பாக்காமலே, "நான்தாங்க சொன்னேன். வாசல்லயே கேட்டார், வாய்ல வந்துச்சு, சொல்லிட்டேன்"னா.

எனக்கு இன்னிக்கு வரைக்கும் வெளங்கலை சார், அவளுக்கு அது எங்கேருந்து வந்துச்சுன்னு. அவ அழுது நானே பார்த்ததில்லை. அவ அப்பா தவறினப்பக்கூட அழலையே. நான் அப்ப பெங்களூர்ல ஒரு கிளையண்ட் மீட்டிங்ல மாட்டிக்கிட்டேன், விட்டுட்டு வர முடியாத சமாச்சாரம். இவ ஒருத்திதான் எல்லாம். பெட்டிக்குச் சொன்னது, சேர் எறக்கினது, டாக்டர்கிட்ட போய் சர்டிபிகேட் வாங்கினது, வந்தவங்களுக்கு டீ போட்டது, அத்தனையும். கொள்ளி வைக்க ஒரு பங்காளிப் பையனைத் தேடிப் புடிச்சதும் அவதான். பால் தெளிச்ச பிறகுதான் நான் வந்து சேர்ந்தேன். ஒரு பொட்டு கண்ணீர் விடலை, எப்பேர்ப்பட்ட நெஞ்சுரம்னு சொந்தக்காரங்க எல்லாம் என்கிட்ட சொன்னாங்க. எனக்குப் பெருமையா இருந்துச்சு. இப்பவும் நாலு பேர்கிட்ட சொல்லுவேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு மட்டும் வாசகம் பெங்களூர்லேர்ந்து நான்தான் போன்ல சொல்லி எழுத வச்சேன். அருமையா அமைஞ்சுது.

அனுபவமே இல்லாதவ. அதான் ஆச்சரியம்.

எங்க விட்டேன்? ஆங், அதுக்கப்புறம் சவரிமுத்துகிட்ட நம்பர் வாங்கிட்டு ஆளுங்க போன் பண்ண ஆரம்பிச்சாங்க. என் பேரைச் சொல்லி யாரும் கேக்கறதில்லை. 'அந்த வண்டி வாசகம் எழுதினவர் இருக்காரா?' எல்லாரும் 'எழுதினவர்'னுதான் கேட்டாங்க, கவனிங்க, ஆம்பளைன்னே முடிவு பண்ணிட்டாங்க. அதனால நான் பேசலாம்னு கையை நீட்டுவேன். அதுக்குள்ள அவ பேச்சை ஆரம்பிச்சிருப்பா. எல்லார்கிட்டயும் ஒரே கேள்வி. 'உங்ககிட்ட வர்றவங்களுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?' அவ்வளவுதான். நான் சென்னையில பெரிய பெரிய முதலாளிங்ககிட்ட இருபது கேள்வி அடிச்ச பேப்பர் குடுப்பேன். இவ ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு அந்தப் பக்கம் பேசறதைக் கேட்டுக்கிட்டே இருப்பா. சில பேருக்கு எழுதுவா. சில பேருக்கு எழுத மாட்டா. நான் வேண்டாம்னு அனுப்பின மெஸ்காரர், நர்ஸ் அனுப்பற அம்மா, எல்லாம் திரும்ப வந்தாங்க. பல்செட்டுக்காரருக்கு 'முறுக்கு சாப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்'னு எழுதிக் குடுத்தா. இதெல்லாம் வாசகமா சார்? ஆனா அந்த ஆளு கடையில உக்கார எடமில்லை.

நான் கூட இருந்து வழி நடத்தினேன். கமா, முற்றுப்புள்ளி, ஒற்று மிகும், மிகாது, அதெல்லாம் நான்தான்.

கீரனூர் வந்துடுச்சா? இல்ல, இன்னும் இல்ல. நான் கொஞ்சம் நிக்கறேன் சார், கால் மரத்துப்போச்சு. நீங்க அந்தப் பக்கம் பார்த்துக்கிட்டே வாங்க, ஒரு பெரிய போர்டு வரும், காட்டறேன்.

ரத்தினவேல் கடைசியில வந்தார். நான் சொன்னேன்ல, வருவார்னு. தெருவே அடைச்சுக்கற மாதிரி ஒரு கார். அல்வாவும் மிக்ஸரும் கொண்டாந்தார். இந்த ரோட்டுலதான், கீரனூர் தாண்டி, பெரிய எடம் வாங்கிப் போட்டிருக்கார். போர்டு, பேப்பர், ரேடியோ, எல்லாத்துக்கும் ஒரே ஆள் எழுதணும்னார். சார், அது ஒண்ணு போதும். அது ஒண்ணு கையில இருந்தா நான் மறுபடியும் பழைய பரஞ்சோதி. உள்ள வந்து மங்கைகிட்ட சொன்னேன், இவர்கிட்ட உன் கேள்வியெல்லாம் வேண்டாம், காப்பி மட்டும் குடு போதும்னு. அவ காப்பி குடுத்துட்டு, இடத்தைப் பார்க்கலாமான்னு கேட்டுட்டா. அவருக்கும் சந்தோஷம். அம்மாவும் வரட்டும்னு கார்லயே கூட்டிட்டுப் போனார்.

ஏர்போர்ட்டைத் தாண்டும்போது நான் யோசிச்சு வச்சிருந்ததை அவருக்குச் சொன்னேன். 'ஏர்போர்ட்டிலிருந்து பத்தே நிமிடம், உங்கள் சொர்க்கத்தின் முகவரி.' தொடையில தட்டி ரசிச்சார். மங்கை ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டே வந்தா. போறோம், போறோம், போய்க்கிட்டே இருக்கோம். டோல்கேட்டைத் தாண்டினோம். கருவக்காடா வருது. ஒரு ரயில்வே கேட்ல நின்னோம். எடம் வந்து எறங்கினப்ப அவ சேலைத் தலைப்பால முகத்தைத் தொடச்சுக்கிட்டு, பத்து நிமிஷத்துல எப்படி சார் வர்றதுன்னு கேட்டா. அவர் சிரிச்சார். பறந்து வந்தா பத்து நிமிஷம்தாம்மான்னார். நானும் சிரிச்சேன். அப்புறம் தண்ணியைப் பத்திக் கேட்டா. தண்ணி இருக்குன்னு எழுதுங்க, அதுபாட்டுக்கு வரும்னார். அவரும் தமாஷாப் பேசற மனுஷன்தான்.

மங்கை சிரிக்கலை. குரலை உசத்தவும் இல்லை. மெஸ்காரர்கிட்ட பேசற அதே குரல்ல சொன்னா.

"சார், உங்களுக்கு வேண்டியது எழுதறதுக்கு ஆள் இல்லை. உங்களுக்காகச் சத்தியம் பண்றதுக்கு ஆள். அது எங்களால ஆகாது."

'எங்களால'ன்னா சார். என்னையும் சேர்த்து. என்னைக் கேட்டாளா?

ரத்தினவேல் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் கார்ல ஏறிப் போயிட்டார். ஏறுங்கன்னுகூடச் சொல்லலை. நானும் அவளும் அந்தக் கல்லு நட்ட பொட்டல்லேர்ந்து மெயின் ரோட்டுக்கு நடந்தோம். நெழல்னு ஒரு மரம் இல்லை. நான் பேசினேன், பேசினேன், அப்படிப் பேசினேன். இருபது வருஷ அனுபவத்தை ஒரு வார்த்தையில கவுத்துட்டியேன்னேன். உனக்கு யாரு அதிகாரம் குடுத்தாங்கன்னேன். நீ எழுதின ரெண்டு வரி ஏதோ ஒத்து வந்துடுச்சுங்கறதுக்காகத் தலைகால் புரியாம ஆடாதேன்னேன். அவ எனக்கு முன்னாடி நடந்துக்கிட்டே இருந்தா. பஸ் ஸ்டாப்புக்கு வந்த பிறகுதான் வாயைத் தொறந்தா.

"நாளைக்கு இந்த மனையை வாங்கினவங்க போன் பண்ணா, நான்தானேங்க எடுக்கணும்?"

இதுக்கு என்ன சார் அர்த்தம்? வாங்கினவன் அவருக்குப் போன் பண்ணுவான், நமக்கு எதுக்குப் பண்றான்? போர்டுல நம்ம நம்பரா இருக்கும்? இதைக்கூடவா தெரியாம இருப்பா. அதைச் சொல்லலாம்னு வாயெடுத்தேன். அவ முகத்தைப் பார்த்துட்டு விட்டுட்டேன். பஸ்ல தனித்தனி சீட்டுல உக்காந்து வந்தோம்.

அதுக்கப்புறம் நான் ஒரு காரியம் பண்ணினேன். அவளுக்குச் சொல்லலை. ரத்தினவேல் ஆபீசுக்குத் தனியாப் போனேன். பொம்பளை ஏதோ தெரியாமப் பேசிட்டா, மனசுல வச்சுக்காதீங்க, எழுதப் போறவன் நான்தானேன்னு சொன்னேன். அவர் நல்ல மனுஷன், கோபமே படலை. உக்கார வச்சு மோர் குடுத்தார். ஃபைல்ல நான் எழுதிட்டுப் போயிருந்த எல்லாத்தையும் படிச்சார். படிச்சுட்டு மூடி வச்சார். அந்த அம்மா எழுதறதுன்னா சொல்லுங்க சார், அவங்க சொன்னா ஜனங்க நம்புவாங்கன்னார். அப்பத்தான் எனக்கு அவர்மேல இருந்த அபிப்பிராயமே மாறிச்சு. தரம் தெரியாத ஆளு. இந்த மாதிரி கிளையண்டெல்லாம் நம்மளுக்கு ஒத்து வராதுன்னு அந்த நிமிஷமே முடிவு பண்ணி எந்திரிச்சு வந்துட்டேன். தேர்ந்தெடுக்கறதுன்னு சொன்னேன்ல, இதான் சார்.

அதோ, அதோ பாருங்க. அந்த மஞ்சள் போர்டு. 'கனவு இல்லம் இனி கைக்கெட்டும் தூரம்.' எவனோ எழுதியிருக்கான். பாதி மனை வித்துப்போச்சாம், சொன்னாங்க. விக்கட்டும். வாங்கினவங்க நல்லா இருக்கட்டும்.

இப்ப சவரிமுத்து காரைக்குடியில இன்னொரு ஆபீஸ் தொறக்கறார். அந்த போர்டுக்கான ஷீட்டுதான் இந்தக் குழாய்ல இருக்கறது. கூரியர்ல அனுப்பினா மடங்கிடும், நீங்களே குடுத்துட்டு வந்துடுங்களேன்னா மங்கை. அவளுக்கு நேரம் இல்லை. எனக்கு வெளியூர்ப் பயணம் ஒத்துக்கும், அதனால இந்த மாதிரி வேலையெல்லாம் நானே எடுத்துக்கறேன். போன வாரம் விசிட்டிங் கார்டு அச்சாகி வந்துச்சு. அவ பேரு மட்டும்தான். மங்கையர்க்கரசி, கீழ நம்பர். அச்சகத்துல தவறுதலா என் பேரை விட்டிருப்பாங்கன்னு நெனச்சேன். இல்லையாம், இவதான் அப்படிக் குடுத்திருக்கா.

இன்னிக்குக் காலையில பொறப்படும்போது கேட்டேன் சார். கேக்கணும்னு மூணு நாளா மனசு அரிச்சுது. கார்டுல என் பேரையும் போடு, ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணலாம், பார்ட்னர் மாதிரின்னேன். அவ கையில இருந்ததைக் கீழ வச்சுட்டு என்னைப் பார்த்தா. நாற்காலியை இழுத்துப் போட்டா. நான் உக்காந்தேன். அந்த நாற்காலி வர்றவங்களுக்குப் போட்டது. உக்காந்த பிறகுதான் அது எனக்கு உறைச்சுது.

"உங்ககிட்ட வர்றவங்களுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

கிண்டல் இல்ல சார். நெசமாவே கேட்டா. எனக்கு இருபது வருஷ அனுபவம்னேன். அது பண்ணினதுங்க, இனிமே என்ன பண்ணுவீங்கன்னா. வாசகம் எழுதற எனக்கு ஒரு வார்த்தை வரலை. செவுத்துல மாமனார் படம். வெளியில குப்பை வண்டி போகுது. கடைசியில வாயில என்ன வந்துச்சோ அதைச் சொன்னேன். போனை வேணும்னா இனிமே நான் எடுக்கறேன்னேன்.

அவ என்னை ஏறிட்டுப் பார்த்தா. கண்ணு கலங்கின மாதிரி இருந்துச்சு. வெங்காயம் நறுக்கிட்டிருந்தா, அதா இருக்கும். அப்புறம், யோசிச்சு போன்ல சொல்றேன், நீங்க கெளம்புங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னா.

யோசிச்சு சொல்றேன்னு இதுவரைக்கும் நெறையப் பேர்கிட்ட சொல்லியிருக்கா. பக்கத்து ரூம்ல இருந்து நானே கேட்டிருக்கேன். அவங்க யாரையும் அவ திரும்பக் கூப்பிட்டதில்லை. ஆனா அவங்க எல்லாம் வெளியாளுங்க.

நான் இந்தப் படிக்கட்டுப் பக்கம் போய் நிக்கறேன் சார், கொஞ்சம் காத்து வரும். போனை உங்க பக்கத்துல வச்சுட்டுப் போறேன். அடிச்சா எனக்கு ஒரு குரல் குடுங்க.